பதினாறு அக்காவின் இருநூற்று நாற்பத்தொன்பதாம் பக்கம்

பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பதிப்பகத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பதும் சந்தேகம்தான். எழுத்தாளர்கள் முதுகுக்குப் பின்னால் 'பதினாறு' என்பார்கள். கூட வேலை பார்த்தவர்கள் முகத்துக்கு நேராகவே 'பதினாறு அக்கா' என்பார்கள். அதற்காக அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

விஷயம் இதுதான். அச்சகத்தில் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாக அடிப்பதில்லை. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கங்களைச் சேர்த்து அடித்து, மடித்து, வெட்டுவார்கள். அதை ஒரு ஃபாரம் என்பார்கள். புத்தகம் ஃபாரக் கணக்கில் சரியாக முடிந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஒரு பக்கம் கூடிப்போனால் தொலைந்தது, அந்த ஒற்றைப் பக்கத்துக்காக இன்னொரு தாள் ஓட வேண்டும். எழுத்தே இல்லாத மீதிப் பக்கங்கள் புத்தகத்தின் கடைசியில் பல்லை இளிக்கும். வேறு வழியே இல்லையென்றால் அரை ஃபாரம், அதாவது எட்டுப் பக்கம், சேர்க்கலாம். அதற்கே அக்கா முகத்தைச் சுளிப்பார்.

ஒரு புத்தகமும் பல்லை இளிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் தயாரிப்புப் பிரிவில் அக்காவின் உத்தியோகம். முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்குவார், ஓரத்தை இழுப்பார், நன்றியுரையில் நாலு பேரைக் கழற்றிவிடுவார். அதற்கும் மசியாத புத்தகமென்றால் எழுத்தாளரைக் கூப்பிட்டு அனுப்புவார். அந்த அழைப்பு வந்தாலே புத்தகத்தில் எதைப் பலிகொடுப்பது என்று ஆட்கள் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு தாடிக்கார நாவலாசிரியர் அப்படித்தான் வந்து நின்றார். ஒரு பக்கம் கூடுதல். கதையில் மாமியார் சாகும் இடம் ஒன்றரைப் பக்கம் போயிருந்தது.

"மேடம், அந்த இடத்துல மட்டும் கை வெக்காதீங்க. அது என் உசுரு" என்றார் தாடிக்காரர்.

"சார், செத்தா செத்ததுதானே? அரைப் பக்கத்துல சாகட்டும்" என்றார் அக்கா.

மாமியார் அரைப் பக்கத்தில் செத்தார். புத்தகமும் கச்சிதமாக வந்தது. அதற்கப்புறம் மாடிப்படியில் அக்கா இறங்குவதைப் பார்த்தால் தாடிக்காரர் ஏதோ மறந்துவிட்டவர் போல வந்த வழியே திரும்பிப் போய்விடுவார்.

வீட்டிலும் இதே கூத்துதான். ஊருக்குப் போகப் பெட்டி அடுக்கினால் ஒரு கைக்குட்டைக்குக்கூட இடம் வீணாகாது. அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை அவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்னையும் மடிச்சு உள்ள வெச்சிடலாம் போலயே, ஒரு டிக்கெட் மிச்சமாகும்ல?" என்று கேட்டார். அக்கா ஒரு நிமிஷம் யோசித்ததாகச் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட அக்கா, ஓய்வுபெறும் நாளில், பிரிவுபசாரக் கூட்டத்தில், "இனிமே என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டதற்கு, "நாவல் எழுதப்போறேன்" என்றார். கணக்குப் பார்ப்பவருக்கு டீ புரையேறிவிட்டது. தலைமைப் பதிப்பாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. இவருக்கு 'கமா' என்று பெயர். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கித்தான் பேசுவார். "நல்லது, ரொம்ப, நல்லது, எழுதுங்க, முதல்ல, எங்கிட்டதான், கொண்டு, வரணும்" என்றார். வருஷக்கணக்காக ஒவ்வொரு வரிக்காகவும் அக்காவோடு மல்லுக்கட்டிய மனிதர் அவர். மரியாதைக்குச் சொன்னாரா, பழிவாங்கச் சொன்னாரா என்று அன்றைக்கு யாருக்கும் பிடிபடவில்லை.

சிரித்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் ஒன்று. அடுத்தவர் கதைகளை அளந்து அளந்து முடித்துக்கொடுத்தவருக்கு உள்ளே சொந்தமாக ஒரு கதை இருக்கக் கூடாதா என்ன? இருந்தது. வெகுநாளாக இருந்தது.

அக்கா தினமும் ஸ்கூட்டரை ரயில் நிலையத்து வாசலில் சைக்கிள் ஸ்டாண்டில் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு ரயில் ஏறுவார். அந்த ஸ்டாண்டை ஒரு பெண்மணி பார்த்துக்கொண்டார். காலையில் அவர் கையால் டோக்கன் வாங்கி, சாயங்காலம் அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பது அக்காவின் வழக்கம். "லேட்டாயிடுச்சா? ஓடுங்க ஓடுங்க, வண்டியை நான் தள்ளிக்கிறேன்" என்பார் அந்த அம்மா. ஊரையே ரயிலேற்றி அனுப்பிவிட்டு அவர் அதே முக்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அந்த முக்காலியில் வேறு ஆள் இருந்தார். "அந்தம்மா போயிட்டாங்க" என்றார். எங்கே என்று கேட்க வாயெடுப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. அக்கா ஓடிவிட்டார். சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார், கேட்கவில்லை. அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

அந்த அம்மாவைத்தான் எழுத உட்கார்ந்தார். தையல் மிஷின் கிடந்த சின்ன அறையை ஒழித்து, கம்ப்யூட்டரை வைத்தார். வேறு யாராவது என்றால் முதல் வரியை எழுதுவார்கள். நம் அக்கா முதலில் பக்கத்தின் அளவைப் போட்டார். ஓரம் விட்டார், எழுத்துரு தேர்ந்தெடுத்தார், பக்க எண்களைப் போட்டார். பதினைந்து ஃபாரம், இருநூற்று நாற்பது பக்கம் என்று முடிவுசெய்தார். பின்னட்டை வாசகம்கூட எழுதியாகிவிட்டது. புத்தகத்தின் முதுகு எவ்வளவு தடிமன் வரும் என்றும் தெரிந்துவிட்டது. கதை ஒன்றுதான் பாக்கி. அதை முதல் பக்கத்தில் ஆரம்பித்து, அச்சடித்த புத்தகம் எப்படி இருக்குமோ அப்படியே, பக்கம் பக்கமாக நிரப்பிக்கொண்டே போனார். அக்காவுக்குப் புத்தகம் என்றால் அப்படித்தான் தெரியும், பாவம்.

சும்மா சொல்லக் கூடாது, எழுத்து நன்றாகவே வந்தது. சாயங்காலம் காபி குடித்ததும் அன்று எழுதியதைக் கணவருக்குப் படித்துக் காட்டுவார். கணவரும் அதற்குள் ஓய்வுபெற்றிருந்தார். காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். வாழ்நாளில் ஒரு நாவலும் படித்தறியாத மனிதர். முதல் வாரம் கொட்டாவி விட்டார். மூன்றாவது வாரம், "இன்னைக்கு அந்தப் பொம்பளை என்ன பண்ணா?" என்று தானே வந்து உட்கார்ந்தார். கதையில் ஸ்டாண்டுக்காரிக்குக் காய்ச்சல் வந்த அன்று, கத்திரிக்காயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

கதை இதுதான். ஸ்டாண்டுக்காரி காலமெல்லாம் அடுத்தவர் வண்டியைக் காத்தவள். அவள் ஒரு ரயிலிலும் ஏறியதில்லை. அந்தப் பாதையின் கடைசி ஊரின் பெயர் தினமும் ஒலிபெருக்கியில் அவள் காதில் விழும், அவ்வளவுதான். ஒருநாள் அந்த ஊருக்கே ஒரு டிக்கெட் வாங்கிவிடுகிறாள். ஸ்டாண்டை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பையோடு பிளாட்ஃபாரத்தில் நிற்கிறாள்.

'ரயில் வந்து நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டாள்.'

அந்த முற்றுப்புள்ளி இருநூற்று நாற்பதாம் பக்கத்தின் கடைசி வரியில், கடைசி ஓரத்தில், அளந்து வைத்தது போல விழுந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வரி கூடவில்லை, ஒரு வரி குறையவில்லை! ஓடிப்போய்க் கணவருக்குப் படித்துக் காட்டினார்.

கணவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "அப்புறம்?"

"அவ்வளவுதான். முடிஞ்சுது."

"ஏறினாளா இல்லையா?"

"அதை வாசகர் கற்பனைக்கு விட்டிருக்கேங்க."

"நானும் வாசகர்தானே? எனக்கு ஒரு கற்பனையும் வரல. நீ சொல்லு."

"இந்தக் காலத்து நாவல்னா அப்படித்தான் இருக்கும். உங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதுதான். ஆனா ஒண்ணு, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களை எத்தனை தடவை வெளிய எடுத்திருக்கேன்? ஆள் வெளிய வந்து நடந்து போறதைப் பார்க்காம நான் ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்ல. நீ என்னடான்னா ஒரு பொம்பளையை பிளாட்ஃபாரத்துல நிறுத்தி வெச்சிட்டு, அளவு சரியா இருக்குன்னு குதிக்கிற!"

அத்தோடு விட்டாரா? மறுநாள் பல் தேய்க்கும்போது கேட்டார், "ஏறினாளா?" காய் வாங்கப் போகும்போது கேட்டார். பேசாமல் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "டிக்கெட்டை வேற வாங்கிட்டா, ஏறாம எப்படி?" என்றார். அக்காவுக்கு எரிச்சலான எரிச்சல். ரசனை கெட்ட மனுஷன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அச்செடுத்த தாள்கட்டை எடுத்துக்கொண்டு பதிப்பகத்துக்குப் போனார்.

பத்து நாள் கழித்துக் கமா சார் கூப்பிட்டனுப்பினார். அறை அப்படியே இருந்தது; மேஜை மேல் காகிதக் குவியல், ஜன்னலில் காய்ந்துபோன செடி. அக்காவை உட்காரச் சொன்னார். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அக்கா பார்த்ததே இல்லை.

"மேடம், அந்தக் கடைசி வரி இருக்கே, ஏறினாளா, ஏறலையான்னு, சொல்லாம விட்டீங்களே, அதுக்கு, ஒரு துணிச்சல், வேணும். பெரிய பெரிய ஆளுங்களே, அந்த இடத்துல, சறுக்கிடுவாங்க."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. கணவரை நினைத்துக்கொண்டார்; வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தார்.

"இந்த வருஷம், நாம போடுற, புத்தகத் தொகுப்புலயே, போட்டுடலாம். சரியா, பதினஞ்சு ஃபாரம், அச்சகத்துல, இடம் இருக்கு. ஒரு எழுத்தை, தொடாதீங்க" என்ற கமா சார் முன்னால் சாய்ந்துகொண்டார். "ஒண்ணு, கேக்கணும். சரியா அந்த இடத்துல நிறுத்தணும்னு, எப்படி, தோணிச்சு?"

அக்கா வாயைத் திறந்தார். ஏதேதோ சொல்லியிருக்கலாம். முப்பது வருஷமாக எழுத்தாளர்கள் மேடையில் சொல்வதைக் கேட்டவர்தானே? ஆனால் வந்தது இதுதான்: "சார், ஃபாரம் முடிஞ்சிடுச்சு."

கமா சார் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஐயோ மேடம், உங்க குறும்பு இருக்கே!" என்று மேஜையைத் தட்டினார். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் சொன்னது வேடிக்கையே இல்லை என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும் வழியெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ரயிலிலிருந்து இறங்கி ஸ்டாண்டுக்கு வந்தார். முக்காலியில் இருந்த ஆள் டோக்கனுக்குக் கையை நீட்டினார். அக்கா டோக்கனைக் கொடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். அந்த அம்மா எங்கே போனார் என்று அக்காவுக்குத் தெரியாது. அன்றைக்கும் கேட்கவில்லை. இப்போது கதையில் கேட்க வேண்டிய இடம் வந்தபோதும், நல்லவேளை பக்கம் முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். ஒரு பக்கம் மிச்சம் இருந்திருந்தால்கூட பயந்திருப்பார். அவமானமாக இருந்தது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, "இங்க முன்னாடி ஒரு அம்மா இருந்தாங்களே, எங்க போனாங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எனக்கென்னம்மா தெரியும்? எனக்கு முன்னாடியே ரெண்டு பேர் மாறிட்டாங்க" என்றார் அந்த ஆள்.

ஆக, சொல்வதற்கு ஆள் இல்லை. இனி அக்காதான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். பழைய மெய்ப்புத் தாள்களின் பின்பக்கத்தில், ஓரம் விடாமல், எண் போடாமல், பேனாவால் எழுத ஆரம்பித்தார். லேசில் வரவில்லை. ஒருநாள் ஸ்டாண்டுக்காரி ஏறவே மாட்டேன் என்றாள். இன்னொருநாள் ஏறி, அடுத்த நிலையத்திலேயே இறங்கி, திரும்பி வந்தாள். அக்கா தாளைக் கசக்கிக் கசக்கி எறிந்தார். கணவர் ஒன்றும் கேட்கவில்லை. குப்பைக்கூடையை மட்டும் அவ்வப்போது காலி செய்து வைத்தார். ஏறக்குறைய ஒரு மாதம் போயிற்று.

ஒரு சாயங்காலம் அக்கா தாள்களோடு வந்து உட்கார்ந்தார். கணவர் நறுக்குவதை நிறுத்தினார்.

ஸ்டாண்டுக்காரி ஏறிவிட்டாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. தன் ஸ்டாண்டையே முதல்முறையாக ரயிலுக்குள்ளிருந்து பார்க்கிறாள். இவ்வளவு சின்னதா என்று திகைக்கிறாள். பாதை முடிந்து கடைசி ஊர் வருகிறது. இறங்குகிறாள். பை கனக்கிறது. நிலையத்தில் பெட்டி வைக்கும் அறையில் அதைக் கொடுக்கிறாள். உள்ளே இருந்தவர் பையை வாங்கி வைத்துவிட்டு, ஒரு டோக்கனை எடுத்து அவள் முன் நீட்டுகிறார். அவளுக்குப் புரியவில்லை. 'உங்களுக்குத்தாம்மா. பிடிங்க. பத்திரமா வெச்சிருக்கோம், நீங்க போய்ச் சுத்திட்டு வாங்க' என்கிறார். அவள் வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு டோக்கனை வாங்கிக்கொள்கிறாள். வெறுங்கையை வீசிக்கொண்டு தெருவுக்குள் நடக்கிறாள்.

அக்கா படித்து முடித்தார். கணவர் கத்தியைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்" என்றார். அன்றைக்கு அவர் நறுக்கிக்கொண்டிருந்தது பீன்ஸ். பிறகு கேட்டார், "டோக்கனைத் தொலைச்சிட மாட்டாளே?"

"தொலைக்க மாட்டா."

"அப்ப சரி" என்று மறுபடியும் கத்தியை எடுத்தார்.

மறுநாள் அக்கா துண்டை எடுத்துவிட்டு, எழுதியதைப் பக்கத்தில் ஏற்றினார். ஒன்பது பக்கம் வந்தது. இருநூற்று நாற்பத்தொன்பது. அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எட்டு என்றால் அரை ஃபாரத்தில் முடிந்திருக்கும். எட்டைத் தாண்டி ஒன்று! இதைவிடக் கேடுகெட்ட எண்ணை வேண்டுமென்று தேடினாலும் பிடிக்க முடியாது. இந்த எண்ணோடு ஒரு எழுத்தாளர் வந்திருந்தால் அக்கா அவரை வாசலிலேயே நிற்கவைத்திருப்பார்.

கமா சாருக்கு அனுப்பினார். "கெடுத்துட்டீங்களே, மேடம்!" என்று படிப்பதற்கு முன்னாலேயே போனில் அலறினார் அவர். சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டார். "ஏறிட்டா மேடம் ஏறிட்டா நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு வைத்தார். அவர் நடுவில் நிற்காமல் ஒரு வாக்கியம் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆனால் முடிவு அவர் கையில் இல்லை. தயாரிப்புப் பிரிவில் இப்போது அக்காவின் நாற்காலியில் இருந்தவர் அக்காவே பழக்கிவிட்ட பெண்மணி. அவர் போன் செய்தார்.

"அக்கா, எப்படி இருக்கீங்க? உங்க புத்தகம்தான் கையில இருக்கு. ஒரே ஒரு பக்கம்தான்கா கூட வருது."

"தெரியும்மா."

"அந்த டோக்கன் குடுக்குற இடம் ஒன்றரைப் பக்கம் இருக்குல்ல? அதை அரைப் பக்கமா பண்ணிட்டா அரை ஃபாரத்துல முடிச்சிடலாம். டோக்கன் வாங்கினா வாங்கினதுதானே அக்கா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. தாடிக்காரர் வந்து நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்தது. மேஜையின் அந்தப் பக்கம் நிற்பது இப்படித்தான் இருக்குமா?

"முடியாதும்மா" என்றார்.

"அக்கா! நீங்கதானா பேசுறது?"

"நான்தான். ஒரு வரி குறைக்க மாட்டேன்."

"இல்லக்கா, பதினாறு ஃபாரம்னா இந்தத் தொகுப்புல இடம் பத்தாது. அடுத்த வருஷத்துக்குத்தான் போகும். அதுவும் நிச்சயம் சொல்ல முடியாது. யோசிச்சுக்கோங்க."

அறுபது வயதில் ஒரு வருஷம் என்பது சின்ன விஷயமா? அக்கா யோசித்தார். சமையலறையில் கணவர் பாத்திரம் கழுவும் சத்தத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் வரட்டும். அவ காத்திருப்பா, அவளுக்குப் பழக்கம்தான்" என்றார் அக்கா. "இன்னொண்ணு. அந்தத் தாடிக்காரர் நாவல் மறுபதிப்பு வந்தா, மாமியாருக்கு அந்த ஒரு பக்கத்தைத் திருப்பிக் குடுத்துடு. நிம்மதியா சாகட்டும்."

அந்தப் பக்கம் பேனா எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "சரிக்கா" என்று பதில் வந்தது.

புத்தகம் அந்தத் தொகுப்பில் போகவில்லை. சொன்னது போலவே தள்ளிப்போயிற்று. அக்கா இடிந்து உட்காரவில்லை. அடுத்த கதையை, எத்தனை ஃபாரம் என்றே தெரியாமல், மெய்ப்புத் தாள்களின் பின்பக்கத்தில் ஆரம்பித்திருந்தார். நடுவில் ஒருதரம் போன் வந்தது. கடைசியில் ஏழு பக்கம் வெள்ளையாக நிற்கிறதே, மற்றப் புத்தகங்களின் விளம்பரம் போடட்டுமா என்று கேட்டார் நாற்காலிக்காரர். வேண்டாம், அப்படியே விடு என்றார் அக்கா.

மறுவருஷம் ஒருநாள் மத்தியானம் கூரியரில் முதல் பிரதி வந்தது. கணவர்தான் பிரித்தார். அட்டையைத் தடவினார், முதுகைப் பார்த்தார், நேராகக் கடைசிக்குப் போனார். ஏறிவிட்டாள், டோக்கன் வாங்கிவிட்டாள், எல்லாம் இருந்தது. அதற்குமேல் புரட்டினார். வெள்ளை. இன்னும் புரட்டினார். வெள்ளை. ஏழு பக்கமும் வெள்ளை.

"என்ன இது? உன் புத்தகத்திலேயே இப்படியா? இவ்வளவு இடம் வீணா கிடக்குதே!" என்றார் அதிர்ச்சியாக.

அக்கா புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கிடக்கட்டுங்க" என்றார். "இத்தனை வருஷம் முக்காலியில உக்காந்தவ. கொஞ்சம் காலை நீட்டிக்கட்டும்."